பசி, மானம், மாஸ்லோ: மனிதத் தேவைகள் பற்றி மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் பி.எட். மாணவர்களுக்கும் ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) எழுதுகிறவர்களுக்கும் கல்வி உளவியல் நடத்துகிறேன். மனிதத் தேவைகள் பாடம் வரும்போதெல்லாம் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பெற்றோர் கூட்டங்களில் பேசப் போனாலும் அதே கேள்விகள் வேறு வேஷத்தில் வந்து நிற்கும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். ஒரு முறை சொன்ன பதிலை மறுபடி சொல்லவில்லை. எந்த எண்ணில் இருக்கிறது என்று மட்டும் காட்டியிருக்கிறேன்.

1. மேடம், மாஸ்லோவோட தேவைக் கோட்பாட்டை ரெண்டு நிமிஷத்துல சொல்லுங்களேன்.

ஆபிரகாம் மாஸ்லோ (1908–1970) அமெரிக்க உளவியலாளர். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1943-இல் எழுதிய ஒரு கட்டுரையில் மனிதரை இயக்கும் தேவைகளை ஐந்து தொகுதிகளாகப் பிரித்தார். சோறு, தண்ணீர், தூக்கம் போன்ற உடல் தேவைகள். ஆபத்தும் நிச்சயமின்மையும் இல்லாத பாதுகாப்பு. அன்பும், ‘இவன் நம்ம ஆளு’ என்று ஏற்கப்படுவதும். தன்மதிப்பும் பிறர் தரும் மதிப்பும். கடைசியாகத் தன்திறன் நிறைவு, அதாவது தன்னால் என்னவாக முடியுமோ அதுவாக ஆவது.

கீழே உள்ளது பெரிதாகக் குறையும்போது மனசு முழுக்க அதுவே நிற்கும். அது ஓரளவு தீர்ந்ததும் அடுத்தது தலைதூக்கும். கோட்பாடு இவ்வளவுதான். மற்ற சண்டையெல்லாம் இதை இறுக்கிப் பிடித்துப் படித்ததால் வந்தவை.

2. அடிப்படைத் தேவை எது, உயர்தேவை எது? கோடு எங்கிட்டு விழுது?

சோறு, துணி, வீடு வரைக்கும் அடிப்படை, அன்பும் மதிப்பும் அதற்கு மேலே என்றுதான் பெரும்பாலோர் கோடு போடுகிறார்கள். மாஸ்லோ அப்படிப் போடவில்லை. 1943 கட்டுரையில் ஐந்தையுமே அடிப்படைத் தேவைகள் என்றுதான் எழுதுகிறார். வகுப்பில் இதைச் சொன்னதும் பாதிப் பேர் கைடைப் புரட்டுவார்கள்.

பின்னாளில் அவர் வேறொரு பிரிவு செய்தார். முதல் நான்கும் குறைபாட்டுத் தேவைகள். இல்லாதபோது உறுத்தும், கிடைத்ததும் அடங்கும். வயிறு நிறைந்தவர் சோற்றை நினைத்துக்கொண்டிருப்பதில்லை. வீட்டில் மதிப்போடு இருப்பவர் அதை எண்ணிப் பார்ப்பதுகூட இல்லை. ஐந்தாவது வளர்ச்சித் தேவை. கிடைக்கக் கிடைக்க இன்னும் வேண்டும் என்று இழுக்கும். நாதஸ்வரம் பழகுகிறவருக்கு ஒரு ராகம் கைக்கு வந்துவிட்டால் ஆசை அடங்கியா போகிறது?

ஆக, கோடு போட்டே தீர வேண்டும் என்றால் அது நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் விழும். சோறு இருக்கிற பக்கத்தில்தான் மரியாதையும் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

3. பிரமிடை மாஸ்லோதானே வரைஞ்சாரு? கைடுல அப்படித்தான போட்டிருக்கு?

இல்லை. 1943 கட்டுரையிலும் அந்தப் படம் கிடையாது, 1954-இல் வந்த அவருடைய நூலிலும் கிடையாது. பிரமிடு எங்கிருந்து வந்தது என்று மூன்று ஆய்வாளர்கள் தேடி 2019-இல் எழுதினார்கள். அவர்கள் தேடல், சார்லஸ் மெக்டெர்மிட் என்ற ஆலோசகர் 1960-இல் ஒரு வணிக இதழில் எழுதிய கட்டுரையில் போய் நின்றது. ஊழியர்களை எதைக் காட்டி ஊக்கப்படுத்தலாம் என்பதுதான் அந்தக் கட்டுரையின் கவலை.

படம் மனசில் எளிதாக ஒட்டும். கூடவே இரண்டு தப்பான எண்ணங்களும் ஒட்டிக்கொள்ளும். உச்சி குறுகலாக இருப்பதால் மேலே சிலருக்குத்தான் இடம் என்று தோன்றும். கட்டடம் மாதிரி இருப்பதால் கீழ் வரிசை முடியாமல் மேல் வரிசை நிற்காது என்றும் தோன்றும். மீனாட்சியம்மன் கோயில் கோபுரத்தையே ஐந்து நிலையாக வரைந்து சார்ட் கொண்டுவரும் மாணவர்கள் உண்டு. ஓவியத்துக்கு மதிப்பெண் போட்டுவிட்டு, விளக்கத்தைத் திருத்திக் கொடுப்பேன்.

4. அப்ப மொதப் படி முழுசா முடிஞ்சாத்தான் ரெண்டாவதுக்குப் போக முடியும்ங்கிறது?

அதுவும் அவர் சொன்னதல்ல. சராசரி மனிதருக்கு உடல் தேவை 85 சதவீதம், பாதுகாப்பு 70, அன்பு 50, மதிப்பு 40, தன்திறன் நிறைவு 10 சதவீதம் நிறைவேறியிருக்கலாம் என்று ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு கொடுத்தார். இவை அளந்து வந்த எண்கள் அல்ல, புரியவைக்கப் போட்டவை என்று அவரே சொல்லிவிட்டார். தேர்வுக்கு இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். எல்லாத் தேவையும் ஒரே நேரத்தில் அரைகுறையாக ஓடிக்கொண்டிருக்கும் என்பது புரிந்தால் போதும்.

5. பசி வந்தா பத்தும் பறந்துபோகும்ண்டு நம்ம ஆளுக எப்பவோ சொல்லியாச்சு. இதுல மாஸ்லோ என்னத்தப் புதுசா கண்டுபிடிச்சாரு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பறக்கும் அந்தப் பத்தில் மானம், குலம், கல்வி, கொடை, அறிவு எல்லாம் உண்டு; கடைசியில் காமமும் உண்டு. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனையைத் தொடங்கினார். ஏறக்குறைய ஆறு மாதம் அவர்களுக்கு அரை வயிற்றுச் சாப்பாடு. உடல் எடையில் கால் பங்கு போனது. பேச்சு, கனவு எல்லாம் சாப்பாடே ஆனது. சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள். படிப்பில் மனசு நிற்கவில்லை, சிரிப்பு போனது, பெண்கள் மீதிருந்த நாட்டமும் போனது. பழமொழிக்காரர்கள் பட்டியலைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் அதே தமிழில் ‘புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது’ என்றும் இருக்கிறதே? அந்த 36 பேர் யார் என்று பாருங்கள். போரில் ஆயுதம் தூக்க மாட்டோம் என்று கொள்கைப்படி மறுத்தவர்கள். ஐரோப்பாவில் பட்டினியில் கிடந்தவர்களை மீட்பது எப்படி என்று கண்டறிய உதவுவதற்காகத் தாங்களே முன்வந்து பசித்தவர்கள். மிகப் பெரும்பாலோர் கடைசி வரை இருந்தார்கள். ஆசையும் உற்சாகமும் பறந்தன, எடுத்த முடிவு பறக்கவில்லை. ஒரே ஆளிடம் இரண்டு பழமொழியும் மெய்யாகிவிட்டது.

பசி வந்தால் என்ன ஆகும் என்று பழமொழி சொன்னது. பசி தீர்ந்த மறுநாள் மனசு எங்கே போகும் என்று கேட்டதுதான் மாஸ்லோவின் பங்கு.

6. காலையில சாப்பாடு போட்டா பிள்ளைக தானா படிச்சிருமா?

இதைக் கேட்டவர் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர். 1956-இல் காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, இப்போது காலை உணவு. இந்தக் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில், ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. வெறும் வயிற்றோடு முதல் பீரியடில் உட்காரும் பிள்ளைக்கு வாய்ப்பாடு ஏறாது என்பதை விளக்க எந்தக் கோட்பாடும் தேவையில்லை.

தானாகப் படிக்காது. ஒரு தடை விலகும், அவ்வளவுதான். பொங்கல் சாப்பிட்டு வந்த பிள்ளை வகுப்பில் பிரம்பைப் பார்த்து நடுங்கினால் அடுத்த தடை அங்கே நிற்கிறது. பெயரைச் சொல்லாமல் ‘ஏய் கடைசி பெஞ்சு’ என்று கூப்பிட்டால் அதற்கடுத்த தடை. அரசு வயிற்றைப் பார்த்துக்கொள்கிறது. பாதுகாப்பு, அன்பு, மதிப்பு மூன்றும் ஆசிரியர் கையில் இருக்கின்றன.

7. “ஏழைக்கு மொதல்ல வயித்துக்கு வழி பண்ணுவோம், மரியாதையெல்லாம் பெறகு பாத்துக்கலாம்.” இதுல என்ன தப்பு?

நல்ல மனசோடு உதவி செய்கிறவர்களிடமிருந்துதான் இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. வெள்ளத்தில் சிக்கியவருக்கு முதலில் சோற்றுப் பொட்டலம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவசரத்தின் வரிசையை மதிப்பின் வரிசையாகப் படிக்கும்போது கதை மாறுகிறது. பொட்டலத்தைக் கையில் கொடுத்து, கேமரா பக்கம் திரும்பச் சொல்லி, முகம் தெரிகிற மாதிரி படம் எடுத்து, சாயங்காலமே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறோம். ஒரு தேவையைத் தீர்க்கும்போதே இன்னொன்றைப் பிடுங்கிக்கொள்கிறோம். வாங்கியவர் அன்றைக்குச் சாப்பிட்டிருப்பார், ஆனால் மறுமுறை உங்கள் வண்டியைப் பார்த்தால் ஒதுங்கி நிற்பார்.

மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வெளியூர் உதாரணம் வேண்டாம். 1939 ஜூலை 8 அன்று, காலங்காலமாக வெளியே நிறுத்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள் வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். பின்னாளில் அமைச்சரான கக்கன் அவர்களில் ஒருவர். அந்தச் சமூகங்களில் அன்றைக்கு வயிற்றுப்பாடு தீர்ந்துவிட்டிருந்ததா? வறுமை ஒழியட்டும், பிறகு வாசலைப் பற்றிப் பேசலாம் என்று இருந்திருந்தால் இன்றைக்கும் வெளியிலேயே நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆய்வும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. லூயிஸ் டே, எட் டீனர் என்ற இருவர் 123 நாடுகளில் திரட்டிய தகவல்களை வைத்து 2011-இல் எழுதினார்கள். உணவும் பாதுகாப்பும் மற்றவற்றுக்கு முன்பே கிடைத்துவிடுவது பொதுவாக உண்மைதான். ஆனால் நல்ல உறவும் மதிப்பும் தரும் மகிழ்ச்சி, வயிறு நிறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வருவதில்லை. அரைகுறையாகச் சாப்பிடுகிறவருக்கும் அது கிடைத்தால் வாழ்வு நன்றாகிறது.

8. ஆனா அவங்களே “சாமி, சோறு மட்டும் போதும்”ங்கிறாங்களே?

மாஸ்லோ தன் வரிசைக்குத் தானே சில விதிவிலக்குகள் எழுதிவைத்தார். அதில் ஒன்று இது. நெடுங்காலம் வேலையில்லாமல், கிடைத்ததை வைத்து ஓட்டிய மனிதருக்கு மேல்தேவைகள் மரத்துப்போய்விடலாம். வாழ்நாள் முழுக்க வயிறு நிறைந்தால் போதும் என்று இருந்துவிடலாம். போதும் என்பது நிறைவால் வந்ததா, கேட்டுக் கேட்டு அலுத்ததால் வந்ததா என்று பார்க்க வேண்டும். கேட்டால் கிடைக்காது என்று தெரிந்தவர்கள் கேட்பதில்லை.

9. காந்தி நம்ம மதுரையிலதான் சட்டையைக் கழட்டினாரு. துணி அடிப்படைத் தேவைன்னா இது எந்தக் கணக்கு?

1921 செப்டம்பர் 22. மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டிலிருந்து இடுப்பில் சிறு துண்டோடு வெளியே வந்தார். கதர் வாங்க வழியில்லாதவர்கள் இருக்கும் நாட்டில் தனக்கு முழு உடை எதற்கு என்ற முடிவு. கொள்கைக்காக எதையும் விடத் துணிகிறவர்கள் மாஸ்லோவின் விதிவிலக்குப் பட்டியலில் உண்டு. அவர் தரும் விளக்கம்: இளமையில் தேவைகள் நன்றாக நிறைவேறியவர்களுக்குப் பிற்காலத்தில் இல்லாமையைத் தாங்கும் பலம் வந்துவிடுகிறது.

திவான் வீட்டில் பிறந்த காந்திக்கு இது பொருந்துகிற மாதிரி இருக்கிறது. மேலூர் பக்கம் தும்பைப்பட்டியில் எளிய குடும்பத்தில் பிறந்து, அமைச்சரான பிறகும் எளிமையாகவே இருந்த கக்கனுக்கு? அங்கே விளக்கம் சறுக்குகிறது. இல்லாமையில் வளர்ந்தும் எதற்கும் விலைபோகாதவர்கள் நம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். கோட்பாட்டின் மெலிந்த இடம் இது என்றே நினைக்கிறேன்.

10. அவனியாபுரம் ஜல்லிக்கட்டுல மாட்டு முன்னாடி போய் நிக்கிறானே, அவன் எந்தப் படியில நிக்கிறான்?

பெரும்பாலான செயல்களுக்குப் பின்னால் ஒன்றுக்கு மேற்பட்ட தேவை இருக்கும் என்று மாஸ்லோவே எழுதியிருக்கிறார். பாதுகாப்பு என்ற ‘இரண்டாம் படி’யை வாடிவாசலிலேயே விட்டுவிட்டுத்தான் அவன் களத்தில் இறங்குகிறான். கூட்டாளிகள், ஊரில் எடுக்கும் பெயர், உடம்பு கேட்கும் சவால், பரிசாக நிற்கும் பைக் எல்லாம் அந்தச் சில நொடிகளில் கலந்திருக்கின்றன.

‘பரிசுக்காகத்தான் மேடம்’ என்று ஒருவர் சொல்லுவார். பரிசு வெறும் துண்டாகவும் வேட்டியாகவும் இருந்த காலத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் ஆள் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள் என்று பக்கத்தில் இருப்பவரே பதில் சொல்லிவிடுவார்.

11. மொய் எழுதுறது எந்தத் தேவையில வரும்? சேமிப்பா, சொந்தமா, கௌரவமா?

மூன்றும். உசிலம்பட்டிப் பக்கம் போனால் இன்னும் நாலைந்து சேரும். இன்று நீங்கள் எழுதும் தொகை நாளை உங்கள் வீட்டு விசேஷத்தில் கூடுதலோடு திரும்பும், அது பாதுகாப்பு. எழுதாமல் விட்டால் உறவு முறியும்; அது சேர்ந்திருத்தல். தாய்மாமன் செய்முறையை மைக்கில் பெயரோடு அறிவிக்கிறார்கள்; அது மதிப்பு. நோட்டுப் போட்டு எழுதுகிற இந்த ஏற்பாட்டை வெறும் வட்டியில்லாக் கடன் என்று பார்க்கிறவர் பாதியைத்தான் பார்க்கிறார்.

இங்கே சிலி நாட்டுப் பொருளியலாளர் மான்ஃபிரெட் மாக்ஸ்-நீஃப் உதவுவார். தேவைகள் வேறு, அவற்றைத் தீர்க்கும் வழிகள் வேறு என்றார். தேவைகள் எல்லா மக்களுக்கும் ஒன்றுதான், எண்ணிக்கையும் குறைவு. பிழைப்பு, பாதுகாப்பு, பாசம், புரிதல், பங்கேற்பு, ஓய்வு, படைப்பு, அடையாளம், சுதந்திரம் என்று ஒன்பது. இதில் மேல் கீழ் பெரிதாக இல்லை. (ஓய்வையும் ஒரு தேவையாகச் சேர்த்ததற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.) தீர்க்கும் வழிகள்தான் ஊருக்கு ஊர் மாறும். ஒரே வழி பல தேவைகளைத் தீர்க்கலாம். ஒன்றைத் தீர்த்து இன்னொன்றைக் கெடுக்கவும் செய்யலாம். மொய் இரண்டையும் செய்கிறது. திரும்பச் செய்ய முடியாமல் ஊர்ப்பக்கமே போகாமல் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

12. கையில காசில்லாதவன் ஏன் மேடம் வட்டிக்கு வாங்கிக் காதுகுத்து வைக்கிறான்? அறிவு வேணாமா?

முதல் காரணம் முந்தைய பதிலிலேயே இருக்கிறது. காதுகுத்து அவருக்குச் செலவு மட்டும் அல்ல, முன்பு எழுதிய மொய் திரும்பும் நாளும் அதுதான். ஊரில் தன் இடத்தைக் காத்துக்கொள்ளும் நாளும் அதுதான்.

அறிவு பற்றிக் கேட்டதால் இதையும் சொல்கிறேன். செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நம் தமிழ்நாட்டிலேயே, விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் 464 கரும்பு விவசாயிகளைச் சோதித்து 2013-இல் வெளியிட்டார்கள். கரும்பு விவசாயிக்குக் காசு வருவது வெட்டு முடிந்த பிறகு மொத்தமாக. வெட்டுக்கு முன்னால் கை வறண்ட நாளில் ஒரு முறை, காசு வந்த பிறகு ஒரு முறை என்று அதே ஆளுக்கு அறிவுச் சோதனை வைத்தார்கள். கை வறண்டிருந்தபோது மதிப்பெண் குறைந்தது. காசுக் கவலை மூளையின் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் முடிவு. கணக்கிட்ட முறை பற்றி வேறு ஆய்வாளர்கள் ஆட்சேபம் எழுப்பினார்கள், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் மாதக் கடைசியில் நீங்கள் எடுத்த முடிவுகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அறிவில்லை என்று அடுத்தவரைச் சொல்ல நாக்கு வராது.

13. பாலு குடுத்தாச்சு, சோறு ஊட்டியாச்சு. தூக்கி வச்சுக் கொஞ்சலைன்னா என்ன கெட்டுப்போச்சு?

1930-களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மாஸ்லோவுக்கு வழிகாட்டியாக இருந்தவர் ஹாரி ஹார்லோ. அவர் பிற்காலத்தில், 1950-களின் இறுதியில், தாயிடமிருந்து பிரித்த குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார். ஒன்று கம்பியால் ஆனது, இன்னொன்று மெத்தென்ற துணி சுற்றியது. கம்பித் தாயிடம் மட்டும் பால் இருந்தபோதும் குட்டிகள் அங்கே போய்க் குடித்துவிட்டு, துணித் தாயிடமே வந்து ஒட்டிக்கொண்டன. பயமுறுத்தினால் ஓடியதும் துணித் தாயிடம்தான்.

குட்டிகளுக்குக் கொடுமையான சோதனை. இன்று அனுமதி கிடைப்பதே கடினம். பால் வேறு, அரவணைப்பு வேறு, ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது என்பதை அது காட்டிவிட்டது. இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஓர் இளம் தகப்பனார். அவருடைய அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அவருக்கு ஆய்வு எதுவும் தேவைப்படவில்லை.

14. பைக்கு, போனு, ஏசி ரூமு, எல்லாம் வாங்கிக் குடுத்தாச்சு. எல்லாப் படியும் முடிஞ்சிருச்சுல்ல? ஏன் படிக்க மாட்டேங்கிறான்?

நீங்கள் கொடுத்தவை அநேகமாக ஒரே படியைச் சேர்ந்த பொருட்கள். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற இருவர் வளர்ச்சிக்கு வேண்டியவை மூன்று என்பார்கள்: தன் முடிவில் தனக்கும் பங்கு, ‘என்னால் முடிகிறது’ என்ற அனுபவம், நெருக்கமான உறவு. மகனுடைய பதினோராம் வகுப்பு குரூப்பை யார் முடிவு செய்தது என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் சத்தம் அடங்கிவிடும்.

பொருள் கொடுத்து ஊக்கப்படுத்துவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1971-இல் டெசி கல்லூரி மாணவர்களிடம் சுவாரசியமான கட்டைப் புதிர்களைக் கொடுத்தார். ஒரு குழுவுக்கு மட்டும் தீர்த்ததற்குக் காசு. காசு நின்ற பிறகு, அந்தக் குழுவினர் ஓய்வு நேரத்தில் புதிரைத் தொடுவது குறைந்தது. ‘தொண்ணூறு எடு, பைக் வாங்கித் தர்றேன்’ என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். பைக் வந்த மறுநாள் படிப்பதற்கு என்ன காரணம் மிச்சம் இருக்கிறது?

15. தன்திறன் நிறைவுன்னா கலெக்டர், டாக்டர்னு பெரிய ஆளாகுறதுதானே?

பதவி நான்காம் தொகுதி, அது மதிப்பு. ஐந்தாவது, செய்கிற வேலையிலேயே தன்னை முழுதாகச் செலுத்துவது. சுமாரான ஓவியத்தைவிட அருமையான ஒரு சூப்பில் படைப்புத்திறன் அதிகம் என்று மாஸ்லோ சொல்லியிருக்கிறார். ராத்திரி ஒரு மணிக்கும் கல்லில் பரோட்டாவை அடித்து அடுக்குகிற மாஸ்டர்களைப் பார்த்து வளர்ந்த ஊரில் இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

அது அடிக்கடி காணக் கிடைப்பதும் இல்லை. 3,000 கல்லூரி மாணவர்களைச் சலித்துப் பார்த்து, ஒரே ஒருவரைத்தான் அப்போதைக்குத் தேற்ற முடிந்தது என்று மாஸ்லோ எழுதினார். வயது ஆக ஆகத்தான் பெரும்பாலும் கூடிவரும் என்பது அவர் எண்ணம். மருத்துவர் கோ. வெங்கடசாமியை நினைத்துக்கொள்ளுங்கள். முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிய பிறகு கண் அறுவை செய்யப் பழகியவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 58 வயதில், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பென்ஷன், பெயர், மரியாதை எல்லாம் கையில் இருந்த வயதில் அவரை எது எழுப்பி ஓடவைத்தது என்பதற்கு முதல் நான்கு தொகுதியில் பதில் இல்லை.

16. உயர்தேவையெல்லாம் வசதி வந்தப்புறம் வந்த சொகுசுதானே? அந்தக் காலத்து மனுசனுக்கு ஏது இதெல்லாம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கீழடி அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழைய குடியிருப்பு. பானையும் கிணறும் நூல் நூற்கும் தக்கிளியும் கிடைத்தன. அதே மண்ணில் தாயக்கட்டை, சில்லு, தங்க நகைத் துண்டுகளும் கிடைத்தன. பானை ஓட்டில் ஆதன் என்று பெயர் கீறியிருக்கிறது. தண்ணீர் குடிக்கப் பானை போதும். அதில் பேர் எழுத வேண்டிய அவசியம் வயிற்றுக்கு இல்லை.

17. இது அமெரிக்கக்காரன் தியரி. கூட்டுக் குடும்பமா இருக்கிற நமக்குப் பொருந்துமா?

நியாயமான குறை. உச்சத்தை எட்டியவர்கள் என்று மாஸ்லோ எடுத்துக்கொண்ட ஆட்கள் பெரும்பாலும் மேற்கத்தியர்கள். லிங்கன், ஐன்ஸ்டைன் போன்றவர்கள். தேர்ந்தெடுத்ததும் அவரே, அவருடைய பார்வையில். தனிமனிதரை உச்சியில் நிறுத்தும் சாய்வு அதில் இருக்கிறது. தன் ஆசையை விட்டு, தம்பி தங்கைகளைக் கரையேற்றிய அக்காமார்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்களை மூன்றாம் படியிலேயே நின்றுவிட்டவர்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது?

அவரும் வேறு உலகத்தைப் பார்க்காதவர் அல்ல. 1938-இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் பிளாக்ஃபுட் என்ற பழங்குடி மக்களோடு சில வாரம் தங்கினார். நிறையச் சேர்த்தவரைவிட வாரிக் கொடுத்தவருக்கே அங்கே மதிப்பு என்பது அவரைப் பாதித்தது. தேவைகள் பொது, தீர்க்கும் வழி வேறு என்ற 11-ஆம் பதிலை இங்கேயும் சேர்த்துப் படியுங்கள்.

18. யூடியூப்ல எட்டுப் படிங்கிறாங்க, கைடுல அஞ்சுதான் இருக்கு. எது சரி?

அறியும் ஆவல், அழகு நாட்டம் இரண்டையும் மாஸ்லோ ஐந்துக்கு வெளியே தனியாகப் பேசினார். 1960-களின் கடைசியில் தன்னைக் கடந்து பிறருக்காக, பெரிய ஒன்றுக்காக வாழும் நிலையைத் தன்திறன் நிறைவுக்கும் அப்பால் வைத்தார். இவற்றையெல்லாம் பிற்காலத்தவர்கள் ஒரே படத்தில் அடுக்கியபோது ஏழும் எட்டும் வந்தன. 17-இல் சொன்ன அக்காமாருக்கு இந்தக் கடைசி நிலையில் இடம் கிடைக்கும். 1970-இல் அவர் இறந்துவிட்டதால் அது முழுதாக வளரவில்லை.

19. மேல போனவங்க திரும்பக் கீழ இறங்குவாங்களா?

இறங்குவார்கள். 2020 ஊரடங்கில் எல்லோரும் ஒரே வாரத்தில் அரிசி, மருந்து என்று இறங்கினோமே. கிளேட்டன் ஆல்டர்ஃபர் என்ற உளவியலாளர் 1969-இல் இன்னொன்றும் சேர்த்தார்: மேலே உள்ள தேவை அடைபட்டாலும் மனிதர் கீழே உள்ளதை இன்னும் இறுக்கிப் பிடிப்பார். வேலையில் வளர வழியில்லாதவர் சம்பள உயர்வுக்கு மட்டும் மல்லுக்கட்டுவது அந்த வகை.

20. இவ்வளவு ஓட்டை இருந்தா கோட்பாடே தப்புதானே? பரீட்சையில என்ன எழுதுறது?

பரீட்சையில் ஐந்தை வரிசையாக எழுதுங்கள், மதிப்பெண் அங்கேதான். வஹ்பா, பிரிட்வெல் என்ற இருவர் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 1976-லேயே, ஐந்து என்ற பிரிவுக்கும் அந்த வரிசைக்கும் போதுமான சான்று இல்லை என்று காட்டிவிட்டார்கள். வரிசை ஆட்டம் கண்டிருக்கிறது; மனிதருக்குச் சோற்றோடு உறவும் மதிப்பும் வளர்ச்சியும் வேண்டும் என்ற பகுதி நிற்கிறது. வகுப்பறைக்குப் போகும்போது அந்தப் பகுதியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

21. சம்பளம், போனஸ், பி.எஃப். எல்லாம் கரெக்டாக் குடுக்கிறேன். அப்பவும் கடைப் பிள்ளைக முணுமுணுக்குதுக. இவங்களுக்கு என்னதாம்மா வேணும்?

விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பெரியவர் கேட்டது. ஐயா, முணுமுணுப்பு ஒருநாளும் நிற்காது என்று மாஸ்லோவே சொல்லிவிட்டார். 1960-களில் நிர்வாகம் பற்றி எழுதியபோது, குறை இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், குறை எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள் என்றார். சம்பளம் பாக்கி, கழிவறை இல்லை என்பது கீழ்மட்டக் குறை. எல்லார் முன்னாலும் திட்டுகிறார்கள் என்பது அடுத்தது. கடைக்குப் புதுத் துணி எடுக்கும்போது எங்களை ஒரு வார்த்தை கேட்பதில்லை, வாடிக்கையாளரிடம் பொய் சொல்லச் சொல்கிறார்கள் என்பது மேல்மட்டம். குறை மேலே ஏறினால் நீங்கள் ஏதோ சரியாகச் செய்கிறீர்கள் என்று பொருள்.

கூடவே ஒன்று. காலை முதல் இரவு வரை நின்றே வேலை பார்க்கிறவர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது. உங்கள் கடையில் ஸ்டூல் போட்டிருக்கிறீர்கள், நானே பார்த்தேன். ஆனால் வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் அதில் யாரும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார் என்று ஒரு பிள்ளை சொன்னது. அவரிடம் முதலில் பேசுங்கள், மேல்மட்டக் குறைகளைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.